மூன்றாவது கையெழுத்து

பிப்ரவரி 4, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் மனைவியோடு மறுபடியும் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடினார். மனைவி என் அறை வாசலில் நின்று, "இது பிள்ளைங்க படிக்கிற ரூமுக்குச் சரியா இருக்கும்" என்றாள். நான் கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விட்டால் என்னையும் சேர்த்து வெள்ளையடித்துவிடுவாள்.

அவர்கள் போன பிறகு தம்பி கேட்டான். "என்னக்கா, குடுத்துடலாமா? நீயும் எத்தனை நாள் தனியா கிடப்ப?"

"உனக்கு எது சரின்னு படுதோ செய்ப்பா" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் 'எனக்கு வேண்டாம்' என்று வாய் திறந்து சொன்னதில்லை. மற்றவர்கள் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். அம்மா ஆயுள் முழுக்கக் காத்திருந்தாள், அப்பாவுக்குப் புரியவே இல்லை. தம்பி அப்பாவைக் கொண்டு பிறந்தவன்.

பிப்ரவரி 11

வாங்குகிறவர்களின் வக்கீல் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அழுத்தம் திருத்தமாகப் பேசுகிறாள். தாய்ப்பத்திரம் எங்கே, வரி ரசீது எங்கே, வீட்டின் மேல் கடன் உண்டா, வழக்கு உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வீடு இன்னும் உங்க அப்பா பேர்லதான் இருக்கு. உயில் எழுதல. அப்போ பிள்ளைங்க எல்லாருக்கும் பங்கு. எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் முழு வீட்டை விக்க முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குச் சம்மதம்தானேம்மா?"

தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"அவன் சொன்னா சரிதாங்க."

ஏன் சொன்னேன்? ஒரே வார்த்தை, மாட்டேன் என்றால் முடிந்தது. நாக்கில் சனி.

பிப்ரவரி 12

தம்பி வீட்டு ஹாலில் சோபாவை இழுத்தால் கட்டில் ஆகுமாம். எனக்காகவே வாங்கினானாம். சந்தோஷமாகச் சொல்கிறான், என்ன செய்ய?

பிப்ரவரி 17

இன்று ஒரு காரியம் செய்தேன். இங்கேயாவது மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது வாரிசுச் சான்றிதழுக்கு மனு நிரப்பியவள் நான். 'பிள்ளைகள் எத்தனை பேர்' என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன். அக்கா தனக்குப் பிடித்தவரோடு போன நாளிலிருந்து அப்பா சொல்லி வந்தது அதுதான்: "எனக்கு ரெண்டே பிள்ளைங்க." அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நகர்ந்தது தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவளும் போய் நாலு வருடம் ஆகிறது.

அப்பாவின் பழைய பென்ஷன் புத்தகத்தில் மூன்று பேருடைய பெயரும் இருக்கிறது. வக்கீல் கேட்ட காகிதங்களோடு அதையும் உறைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன். தெரியாமல் சேர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்துதான் வைத்தேன். அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வரும். எங்கள் மேல் இருக்கிற கோபத்துக்கு அவள் ஜென்மத்துக்கும் போட மாட்டாள். வீடு தப்பிக்கும். நானும் தம்பிக்குக் கெட்டவளாக வேண்டாம்.

பாம்பும் சாகக் கூடாது, தடியும் உடையக் கூடாது. ஐம்பத்து நாலு வயதில் இந்தப் புத்தி.

பிப்ரவரி 21

வக்கீல் கூப்பிட்டுவிட்டாள். "மூணாவதா ஒரு பொண்ணு பேர் இருக்கே, யாரு?"

"அவங்க எங்களோட இல்லைங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போய் இருபத்தஞ்சு வருஷமாச்சு" என்றான் தம்பி.

"வீட்டை விட்டுப் போனா பங்கு போயிடாதுங்க. உயிரோட இருக்காங்களா?"

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கூடப் பிறந்தவள்.

சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டுமாம். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினால்தான் விற்பனை நடக்கும். மறைத்து விற்றால் எல்லாரும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

படியிறங்கும்போது தம்பி சொன்னான். "பெரியக்காவப் பாத்தா நான் அழுதுடுவேன். நீ போய்ட்டு வாக்கா."

மார்ச் 2, ஞாயிறு

அத்தான் வேலை பார்த்த மின்சாமான் கடையில் விசாரித்து முகவரி கிடைத்தது. பஸ்ஸில் மூன்று மணி நேரம். மாடியில் ஒற்றை அறை. அக்காதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரை.

அத்தான் போய் இரண்டு வருடமாம். "யாருக்குச் சொல்லி அனுப்பறது?" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"சொல்லு, எதுக்கு வந்த?"

"வீட்ட விக்கிறோம். உன் கையெழுத்து வேணும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பத்திர நகலைக் கேட்டாள். கண்ணாடியை மாட்டினாள், ஒரு பக்கம் தொங்கியது. இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை வேலை, என் கை சும்மா இருக்குமா? பையிலிருந்த சின்ன திருப்புளியை எடுத்து, திருகை முடுக்கி, காதில் சரியாக உட்காரும்படி வளைத்துக் கொடுத்தேன். நல்லா தெரியுதுடி என்று சொல்லிவிட்டுப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"மூத்த மகள்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ம்." இன்னொரு முறை படித்தாள். "எனக்கு அங்க ஒண்ணும் வேணாம். நீங்க நல்லா இருந்தா போதும். என்னிக்கு வரணும்?"

அவ்வளவுதான். சண்டை இல்லை, சாபம் இல்லை. அவளைப் பார்த்த சந்தோஷத்தில் அழுதேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதி அதுதான். மீதிப் பாதியை எப்படிச் சொல்ல?

மார்ச் 9

விற்க எனக்கு மனசில்லை என்று தம்பியிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 23

சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பதிவு அலுவலகம். முதலில் அக்காவின் பத்திரம், பிறகு விற்பனைப் பத்திரம். அதிகாரி தலை நிமிராமல் ஒவ்வொருவரையும் கேட்டார்: "சம்மதத்தோடதான் போடுறீங்களா?" அக்கா ஆமாங்க என்றாள். தம்பியும். நானும்.

தம்பி சொன்னபடியே அழுதான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதை முழுக்கக் கேட்கும்படி அழுதான். அவன் நகல் வாங்கப் போனபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் பெஞ்சில் இருந்தோம். அக்கா விரலில் ஒட்டியிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இனிமே நீ எங்கடி இருப்ப?"

"தம்பி வீட்ல."

"பிடிச்சுதான் வித்தியா?"

அப்போதுதான் உடைந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன் – மனுவில் இரண்டு என்று எழுதியது, பென்ஷன் புத்தகம், அவள் மறுத்துவிடுவாள் என்று நம்பி மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தது, எல்லாம்.

அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அடிப்பாவி. அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா போட்டிருக்கவே மாட்டேனே."

துணியைச் சுருட்டி மடியில் வைத்தாள்.

"அவரை விட்டுட்டு வான்னு அப்பா சொன்னப்போ, நடுக்கூடத்துல நின்னு மாட்டேன்னு சொன்னவடி நான். உனக்காக ஒரு தடவ சொல்லியிருக்க மாட்டேனா?"

தம்பி நகலோடு சிரித்துக்கொண்டே வந்தான். எழுந்து நின்றோம்.

ஏப்ரல் 17

கடைக்குப் போனேன். இரண்டு ஃப்ரேமைத் தப்பாக மாட்டினேன். முதலாளி கழற்றி மறுபடி மாட்டினார்.

மே 4, ஞாயிறு

வண்டி வந்தது. கட்டில், அலமாரி, நான்கு அட்டைப்பெட்டி. இத்தனை வருடம் இருந்தவளுக்கு அரை வண்டிதான்.

"எங்க வீட்டுக்குத்தானே, நான் முன்னாடி பைக்ல போறேன்" என்றான் தம்பி.

"வேணாம்ப்பா. கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன்."

அவன் கிளப்பிய பைக்கை நிறுத்தினான். "ஏங்க்கா? எங்க வீடு பிடிக்கலையா?"

"பிடிக்கல."

எவ்வளவு சுலபமாக வருகிறது. அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான். வேறு எதையோ கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். சாவியைக் கொடுத்தேன்.