நாலாவது வரிசை

மச்சானுக்கு,

உங்கள் கல்லுடைக்கும் ஆலையில், தலைக்கு மேலே கல் கொட்டும் இரும்புச் சரிவு தேயாமலிருக்க, உள்ளே அலுமினாப் பீங்கான் சில்லு ஒட்டியவன் நான். ஒட்டியதும் தட்டிப் பார்ப்போம். பிடித்திருந்தால் கணீரென்று ஒலிக்கும். நேற்று நாலாவது வரிசை முழுக்க டொக்கென்றது. பிடிக்காத சில்லு கல்லோடு சேர்ந்து கத்தி மாதிரி பறக்கும்.

"காஞ்சா சரியாயிடும், கையெழுத்துப் போடுய்யா" என்றார் மேஸ்திரி. வேலை சரியென்று போட்டுவிட்டேன்.

இன்று உங்களை அதன் கீழே நிறுத்தியிருப்பது உங்கள் தங்கை சொல்லித்தான் தெரியும். என் ஃபோனை நீங்கள் எடுக்கவில்லை. காவலாளி கடிதத்தை மட்டும் உள்ளே விடுகிறார். ஃபோனில் மெஷினை ஓட்டாதீங்க என்றால், "நீதானேய்யா கையெழுத்துப் போட்டே?" என்கிறார் மேஸ்திரி. பத்து மணிக்கு ஓட்டப்போகிறார்கள்.

கல்யாணத்தன்று, "இவன் வேலைய நம்ப முடியாது" என்றீர்கள். அதோடு நம் பேச்சு நின்றது. இன்றும் நம்பாதீர்கள், மச்சான். வாசலுக்கு வாருங்கள், என்னைத் திட்டுவதற்காவது.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும்
உங்கள் தங்கை கணவன்