சைரன் அடிக்காத கேட்

திங்கள்
விடிஞ்சதிலேருந்து மழை. கோலா சிலாங்கூர் ஆபீஸ், ரௌட்டர் வேலை. ஜெராம், உலு யாம் எஸ்டேட்டுகளுக்குச் செய்தி போற வழியெல்லாம் ரௌட்டர்ல தனித்தனி வரியா இருக்கு. "சுருக்கு. எஸ்டேட்டுக்கு ஒரு வரி போதும்" – தேவா, என் சுப்பர்வைசர்.

ரெண்டு எஸ்டேட் நெட்வொர்க்குக்கும் ஒரே தொடக்க எண். சுருக்குனா ரெண்டுமே "அந்த எண்ணுக் குடும்பம் மொத்தமும் எங்கிட்டதான்"னு சொல்லும். நம்ம ரௌட்டர் பக்கத்து ரௌட்டர் சொல்றத அப்படியே நம்புற ரகம். பாதி பதில் தப்பான எஸ்டேட்டுக்குப் போகும்னேன்.
"ரொம்பப் படிச்சவ லா நீ. சொன்னதச் செய்."
செஞ்சேன். உலு யாம் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓகே. கேட்ல இருக்கிற ஆபத்து பட்டனையும் அமுக்கிப் பாக்கணும்னேன். வேணாமாம். சைரன் கேட்டா வேலை முடிஞ்சிச்சுன்னு ஆளுங்க லயத்து வீட்டுக்குக் கெளம்பிடுவாங்களாம்.
அந்த கேட்டுல காவல் நிக்கிற ஜாகா, என் கூடப்பொறந்த சேகர் அண்ணன்.
வாங்கணும்: அரிசி, கொசுவத்தி, அம்மா மருந்து.

புதன்
கொளுத்துற வெயில். பட்டப்பகல்ல செம்பனைப் பழம் திருட லோரியோட வந்திருக்கானுங்க. அண்ணன் மறிச்சிருக்கான். பாராங் கத்தியால வெட்டிட்டானுங்க. இடது கையில ரெண்டு விரல் இல்ல. தோள் பொளந்து கெடக்கு.
ஆஸ்பத்திரி. கட்டு மேல கட்டு, அப்படியும் ரத்தம். "அமுக்குனேன் பாப்பா. அமுக்கிக்கிட்டே இருந்தேன். சத்தமே வரல."
பட்டன் அமுக்குனா செய்தி கோலா சிலாங்கூர் ஆபீசுக்கு வரும். "கெடச்சிச்சு"னு பதில் திரும்பிப் போனாதான் அமுக்குனதா பதிவாகும், சைரனும் அடிக்கும். கேட்டுக்குப் போற பதில் எல்லாம் தப்பான பாதியில மாட்டி ஜெராமுக்குப் போய்ச் செத்திருக்கு.
பாத்ரூம் சுவத்தக் குத்துனேன். முட்டி வீங்கிடுச்சு. பாவிங்க.

வியாழன்
வானம் மப்பு. சாப்பிடல. தேவா ரிப்போர்ட் குடுத்துட்டான்: ஜாகா தூங்கிட்டான், பட்டனை அமுக்கவே இல்ல. அப்படின்னா அண்ணனுக்கு வேலையும் இல்ல, நஷ்டஈடும் இல்ல.
"மெஷின் பொய் சொல்லாது லா" – சிரிச்சிக்கிட்டே.
விட்டேன் ஒரு அறை. கண்ணாடி தெறிச்சிச்சு. உதட்டுல ரத்தம். மறுபடி ஓங்குன கைய ஆபீஸ் கணக்கு பாக்குற கிராணியம்மா பிடிச்சிக்கிட்டாங்க. "கொன்னுடாதடி."
வருத்தம் இல்ல. வீங்குன கைதான் வலிக்குது. என்னை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னால கேட்டுக்கு ஒரு தடவ வாங்கன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். சரின்னார்.

வெள்ளி
உலு யாம் கேட். தூறல். சிமெண்ட்ல அண்ணன் ரத்தம் கருப்பா காஞ்சிருக்கு, ஒரு நாதியும் கழுவல. மேனேஜர் வந்தார், பின்னால உதடு வீங்குன தேவா.
மேனேஜரையே பட்டனை அமுக்கச் சொன்னேன். அமுக்குனார். சத்தம் இல்ல. மறுபடி. இல்ல. தேவா தரையப் பாத்தான்.
லேப்டாப்ல ரெண்டு எஸ்டேட் ரௌட்டர்லயும் சுருக்கத்த எடுத்தேன். ஒரு வரி, அவ்வளவுதான். பழைய வழி ரௌட்டர் நெனப்புலேருந்து சாகிற வரைக்கும் நின்னோம். ஆஸ்பத்திரியில இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் அமுக்குனேன்.
அடிச்சிச்சு. காதக் கிழிக்குது. வேலை முடிஞ்சிச்சுன்னு ஆளுங்க தோட்டத்துலேருந்து வெளிய வர்றாங்க. மேனேஜர் காதப் பொத்திக்கிட்டு "நிறுத்து, நிறுத்து"ங்கிறார்.
போன்ல அண்ணன். "இதான் பாப்பா. இந்தச் சத்தம்தான் அன்னிக்கு வரல."
நான் கைய எடுக்கல.