சூரியப் பவளத்துக்கு ஊட்டுகிறோம்

என் செல்ல மகளுக்கு,

உன் அப்பா மீன்தொட்டியில் வளர்த்து விட்டுப்போன சூரியப் பவளம் பிழைத்துக்கொண்டது! அவர் காலமானதிலிருந்து மொட்டெல்லாம் மூடியே கிடந்ததால் செத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். நாகசாகித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் குரோய்வா வந்து பார்த்தார்.

"சாகலைங்க, பட்டினி கெடக்கு. மத்த பவளம் மாதிரி இதுக்கு வெளிச்சம் சோறு போடாது. ஒவ்வொரு வாய்க்கும் நாமதான் ஊட்டணும்" என்றார்.

சிப்பிச் சாற்றைத் தண்ணீரில் விட்டுக் காத்திருந்தோம். வாசனை பட்டதும் ஆரஞ்சு மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. நான் சின்னப் பெண்போலக் கைதட்டினேன். இறால் துணுக்குகளைக் குழாயால் ஊட்டும்போது நீல மீன் பாய்ந்து வந்து பிடுங்கியது.

"சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வந்துடறான் பாருங்க!" என்றேன்.

"நானும் அப்படித்தானே வர்றேன்" என்று சிரித்தார்.

வாரத்துக்கு மூன்று முறை ஊட்டினால் போதுமாம். அவர் தினமும் வருகிறார். தண்ணீரின் சூடு பார்க்க வேண்டுமாம். நேற்று முடி வெட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நான் மிசோ சூப்பைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன்.

புத்தாண்டுக்கு நீயும் மாப்பிள்ளையும் வரும்போது நான்கு கிண்ணங்கள் எடுத்து வைப்பேன். நாலாவது யாருக்கென்று போனில் கேட்டுச் சிரிக்காதே, நேரில் வந்து சிரி.

சந்தோஷமாக இருக்கும்
உன் அம்மா