இரண்டு விரல் இடம்

டிசம்பர் 3
பனிமலைக் காவல் முகாமிலிருந்து மகன் பெள்ளியப்பா பேசினான். நாலே நிமிடம். "சாப்பாடு இறங்கவே மாட்டேங்குது அவ்வா. நம்ம மரத்து ஆரஞ்சு ஜாம் இருந்தா ஒரு ரொட்டியாவது தின்பேன்." குரலே மெலிந்திருந்தது. பயமாக இருக்கிறது.

டிசம்பர் 5
ஜாம் கிண்டிச் சூடாகக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். குடகில் எங்கள் வீட்டு வழக்கம், வெளியே போகிற பாத்திரம் எதுவும் தளும்பத் தளும்ப நிறைந்துதான் போகும். கழுத்துவரை நிரப்பி மூடினேன். பழந்துணி சுற்றி, அட்டைப்பெட்டி நிறையக் காப்பி உமியைத் திணித்து நடுவில் வைத்தேன்.

வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிப்போய்க் களத்துச் சுவர் மேலிருந்து மூன்று தரம் போட்டார். "பட்டாளத்துல பார்சல் இறக்கினவன்டி நான். இப்படித்தான் எறிவோம்." ஓடிப்போய் எடுத்தேன். பிரித்தால் ஒரு கீறல் இல்லை. குப்பையில் கொட்டுகிற உமிக்கு இவ்வளவு சக்தியா?

டிசம்பர் 6
தபாலில் சேர்த்தாயிற்று.

ஜனவரி 9
கடிதம் வந்தது. பாட்டில் முழுசாகத்தான் போயிருக்கிறது. அங்கே போன பிறகு குளிரில் ஜாம் உறைந்து, உப்ப இடமில்லாமல் கண்ணாடியை உடைத்துவிட்டதாம்.

"கண்ணாடி உதிர்ந்துடுச்சு, ஜாம் மட்டும் பாட்டில் மாதிரியே நிக்குது அவ்வா. உள்ள ஒவ்வொரு தோல் சீவலும் மினுங்குது. கண்ணாடித் தூளுக்குப் பயந்து யாரும் தொடல. சும்மா சுத்தி நின்னு பார்த்தோம். அடுத்த தடவை ரெண்டு விரல் இடம் விடு."

நாலு தரம் படித்தேன். என் கை கிண்டியதா அப்படி நின்றது? சே — பிள்ளை அங்கே பட்டினி, நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 11
இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றினேன். மூட மனசே வரவில்லை.

"பெத்த பிள்ளைக்குக் குறையா அனுப்பறதா?"

"நிறைய அனுப்பினியே, என்னத்தைத் தின்னான்?" என்றார்.

மூடினேன்.

பிப்ரவரி 6
ஒரு தகவலும் இல்லை. ஆரஞ்சு மரத்தைப் பார்த்தாலே கோபமாக வருகிறது.

பிப்ரவரி 27
பார்சல். என் அட்டைப்பெட்டியேதான், மேலே அவன் கையெழுத்து. திறந்தால் எங்கள் களத்துக் காப்பி உமி. பனிமலை வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஒரு கை அள்ளி முகர்ந்தேன், அவர் சிரித்தார். நடுவில் என் பாட்டில். ஜாம் வழித்துத் தின்று, கழுவி, அந்த ஊர் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தை அடைத்திருக்கிறான்.

சீட்டில், "தினம் ரெண்டு ரொட்டி இறங்குது. இது காய்ஞ்ச பழம், உறையாது" என்று எழுதியிருந்தான்.

மூடியைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தேன். இடமே இல்லை.