பெயரை மூடும் ப்ளகின்

2019 பிப்ரவரி 12
காலையிலேயே சூடு தாங்கவில்லை. எந்தக் காட்டுப்பழம் எப்போது பழுக்கும் என்று தானே வரிசைப்படுத்தும் ப்ளகினை வால்டா அக்கா எழுதி முடித்துவிட்டாள். நான் நாள்கணக்கில் மல்லுக்கட்டிய வேலை அது. அவளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்.

பாலைவனத்தில் இருக்கிற எங்கள் பழங்குடி ஊரின் விக்கியில் யார் என்ன எழுதினாலும், வெள்ளிக்கிழமை கம்பைல் செய்தால் சாதாரணப் பக்கங்களாக வந்து விழும். பென் டிரைவில் போட்டு, நெட் இல்லாத குடியிருப்புகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவோம். அந்த விக்கிக்குத் தெரியாத வேலையைச் சொல்லிக்கொடுப்பதுதான் ப்ளகின்.

"உன் கோட் நல்லாத்தான்டி இருக்கு, நோரீன். ஓடலங்கிறது ஒண்ணுதான் குறை."

பெரியம்மா மகளாகப் பிறந்துவிட்டாள். என்ன செய்ய?

பிப்ரவரி 20
அத்தான் போய்விட்டார். ஆலிஸ் டவுன் ஆஸ்பத்திரியில். பாவம் அக்கா —

பிப்ரவரி 23
அக்கா பெண்களின் துக்க முகாமுக்குப் போய்விட்டாள். உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண். இனி அவளுக்குப் பேச்சு கிடையாது, கைச்சாடைதான். ஒரு வருஷமோ, அதற்கு மேலோ.

எங்கள் வழக்கப்படி, குடும்பம் சம்மதிக்கும் வரை அத்தானின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. முகம் யார் கண்ணிலும் படக் கூடாது. ஆனால் ஊர் ஃபுட்டிப் பந்தாட்ட அணிக்குக் கோச் ஆயிற்றே, விக்கியில் அவர் இல்லாத பக்கம் எது? அவருடைய அக்கா மேவிஸ் மதினி ஆபீஸ் வாசலில் நின்றபடியே சொன்னார்: "எந்தம்பி மூஞ்சி அந்தப் பொட்டியில வந்துச்சு, நான் இந்தப் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன். எல்லாத்தையும் மூடிருங்க."

போன சாவுக்கும் அப்படித்தான் மூடினோம். மறுபடி திறப்பதற்குள் பள்ளிப் பிள்ளைகள் அப்படி ஒன்று இருந்ததையே மறந்துபோனார்கள். இந்த முறை மூடினால் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "சரி, நானே வந்து பாப்பேன்" என்றார்.

பிப்ரவரி 25
பெயரை மறைக்க ஒரு ப்ளகின் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். எந்தப் பெயரை மறைப்பது என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் அதை நான் டைப் செய்ய வேண்டும். விரல் போகவில்லை.

மெல்பர்னில் இந்த விக்கியை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டேன். "ஒரு வார்த்தைதானே, அடிச்சிட்டுப் போங்களேன்" என்றார். அவருக்கு என்ன தெரியும்! இனி சாகிற ஒவ்வொருவர் பெயரையும் அங்கே வரிசையாக அடித்து வைப்பதா?

பிப்ரவரி 27
முகாமுக்குப் போனேன். துக்கத்தில் இருப்பவளிடம் போய் கோட் கேட்பார்களா? கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அக்கா நிமிராமலே முன்னால் இருந்த மணலைத் தடவிச் சமமாக்கினாள். உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நாம் போடுகிற வளைவு ஒன்று போட்டாள். அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு வட்டம். நான் வட்டங்களை அழிக்கப் போனேன். பட்டென்று கையில் ஒரு அடி. ஆள் மேல் மட்டும் உள்ளங்கையை வைத்து மூடினாள். மறுகை விரல் கோடுகள் வழியாக ஒவ்வொரு வட்டத்துக்கும் போய் வந்தது.

அட! விக்கியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லும் இடமெல்லாம் அந்தப் பக்கத்துக்குத்தான் இணைப்பு. அந்த ஒரு பக்கத்தில் 'மௌனம்' என்று குறி வைத்தால் போதும். பெயரை ப்ளகினே எடுத்துக்கொண்டு, இணைப்பு போகிற இடமெல்லாம் மூடிவிடும். மனிதர் யாரும் எழுத வேண்டாம்.

புருஷனைப் பறிகொடுத்த நேரத்தில், வாயே திறக்காமல், மணலில்! என்ன மூளை இவளுக்கு. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

மார்ச் 1
மதினி வந்தார். அத்தான் படம் இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறக் கட்டம். பெயர் இருந்த இடமெல்லாம் 'குமஞ்சாயி', இறந்தவர் பெயருக்குப் பதிலாக நாம் சொல்வது.

"உள்ள எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியா?"

"இல்ல மதினி. கம்பைல் ஆகும்போதே போயிடுது. வெளிய போற பக்கத்துல இல்லவே இல்ல. அசல் மட்டும் இங்க, பூட்டுல இருக்கு."

தலையாட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடை திறக்கும் நேரம் போட்ட பக்கம். கடைக்காரருக்கும் அத்தானின் பெயர்தான், கொட்டை எழுத்தில்! அத்தான் போன நாளிலிருந்து ஊரே கடைக்காரரைக் குமஞ்சாயி என்றுதான் கூப்பிடுகிறது, நானும்தான். விக்கியில் மட்டும் எனக்குத் தோன்றவில்லையே, மடச்சி! கடைக்காரருடைய பக்கத்திலும் குறி வைத்து மறுபடி ஓட்டினேன்.

மதினி மெல்லத் திரும்பிப் பார்த்தார். "இருக்கட்டும். மூட வேணாம்" என்றார். பிறகு, "யாரு சொல்லிக்குடுத்தா?"

"அக்கா" என்று சொல்லி, அவள் மணலில் போட்ட வளைவை மேஜைத் தூசியில் போட்டுக் காட்டினேன். மதினி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மார்ச் 8
பென் டிரைவ்கள் கிளம்பிவிட்டன.

2021 ஆகஸ்ட் 14
அக்கா பேச ஆரம்பித்து நாளாகிறது. அவரைப் பற்றி மட்டும் இதுவரை பேசியதில்லை.

இனிப் பார்க்கலாம் என்று நேற்று குடும்பத்தில் முடிவு செய்தார்கள். அத்தான் பக்கத்தில் இருந்த குறியை இன்று அக்காவே எடுத்தாள். மதினி பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பைல் முடிந்ததும் ஃபுட்டி பக்கத்தைத் திறந்தோம். கட்டம் இருந்த இடத்தில், ஜெயித்த கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அத்தான்.

மதினி உடைந்துவிட்டார். அக்கா அழுதபடியே சிரித்தாள். "இந்த லூசக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். திரையைப் பார்த்து, சத்தமாக, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

நானும் எழுதுகிறேன். செட்ரிக். எங்கள் செட்ரிக் அத்தான்.