வயிற்றில் கன்றிய நீலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வடக்கே தமாலேயிலிருந்து உன் மகள் ஜிஃபா. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஏழாம் மாதம். குழந்தை நன்றாக உதைக்கிறது.

போன வாரம் ஒரு கூத்து. குளிக்கும் இடத்தில் என் வயிறு நீலம் நீலமாகக் கன்றியிருப்பதைப் பக்கத்து அறை மேமுனா பார்த்துவிட்டாள். ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்கும் உலக்கையோடு போய் என் கணவரை வழிமறித்தாள்.

"புள்ளத்தாச்சிய அடிக்கிற கை எதுய்யா? நீட்டு!"

அவர் நீட்டினார். கையில் எனக்குப் போடவிருந்த ஊசி. தவறாக நினைத்ததற்கு மன்னிப்பாக, மறுநாளிலிருந்து அவருக்கு மேமுனா வீட்டுக் கஞ்சிதான்.

பயப்படாதே அம்மா. என் உடம்பே தன் இரத்தத்தை உறையவைக்கிறதாம். நஞ்சுக்கொடியில் இரத்தம் கட்டிக்கொண்டால் குழந்தைக்குச் சாப்பாடு போகாது. முந்தைய மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் வயிற்றிலேயே போயிருக்கும் என்கிறார் டாக்டர். உறையாமலிருக்கத்தான் தினமும் வயிற்றில் ஊசி; அது குத்திய இடம்தான் நீலம். இந்த முறை நம்பலாம் என்கிறார்.

நம் ஊர் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வேண்டும். இங்கே கடல் வாசமே இல்லை. அடுத்த வாரம் ஊரிலிருந்து என் மாமியார் இங்கே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்பு. ஆள்விட்டு அனுப்பாதே, அவர் வீட்டுக்கு நீயே போ. மூன்று பிள்ளைகளைத் தின்ற சூனியக்காரி என்று சந்தையில் நீ கத்தியது அவரைத்தான்.

பள்ளி மணி அடித்துவிட்டது, என் வகுப்புப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கருவாட்டைக் கொடுக்கும் முன் அவருக்கு வணக்கம் சொல், அம்மா. அவர் எதையும் தின்னவில்லை. உறைந்தது என் இரத்தம்.

ஜிஃபா