கொத்தமல்லிப் பாத்தியில் பதினேழு புள்ளிகள்

மார்ச் 3, செவ்வாய்

கொத்தமல்லி முளைத்துவிட்டது. விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்து, மண்ணை மூன்று முறை சலித்து, மக்கிய எரு கலந்து, பூவாளியால் பொழுதுக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளித்ததற்குப் பன்னிரண்டாம் நாள் பலன். "நம்ம பசங்கள இப்படிப் பாத்துப் பாத்து வளத்திருந்தா ஞாயித்துக்கெழமையாவது போன் பண்ணியிருப்பானுங்க" என்றாள் வீட்டுக்காரி.

மதிலை ஒட்டிய மூலையில் மட்டும் முளை இல்லை. அங்கே சிறிய, அழகாக மூடப்பட்ட ஒரு மேடு. கிளறிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் பூனை. நான் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன். தினம் காலை எட்டு மணிக்கு மதில்மேல் நடந்து வரும், எல்லாவற்றையும் பார்க்கும், எதிலும் திருப்தி கொள்ளாது, போய்விடும். இப்போது கையெழுத்தும் போட ஆரம்பித்திருக்கிறது.

மாலை அதே டாக்டரிடம் போனேன். கிளினிக் அவர் வீட்டு முன்னறைதான். வீட்டுச் செருப்போடு போய்விடலாம். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல், இரண்டாவது தடவை. "வேரெல்லாம் சுத்தம் பண்ணியாச்சு சார். இப்ப தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கேன். பத்து நாள் தாங்கும். அடுத்த செவ்வா வந்துருங்க, ஒரேயடியா மூடிரலாம்." பூனை விஷயத்தைச் சொல்ல நினைத்தேன். வாய் என் வசம் இல்லை.

மார்ச் 5, வியாழன்

மேடுகள் மூன்று. மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டாக்டர்.

"டாக்டர், உங்க பூனை நம்ம பாத்தியில வந்து..."

"பூனைன்னா அப்படித்தான் சார். மூடிட்டுத்தானே போகுது? மனுசன் அதக்கூடச் செய்யறதில்ல."

"என் வெதமேல மூடுது."

"எருன்னு நெனச்சுக்கங்க."

"அவ்வளவு நல்ல எருவா? அப்ப உங்களுக்கே அனுப்பி வைக்கறேன்."

பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் சொன்ன சொல் தவறாதவன் என்று பெயர் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றதால் மட்டும் அதை விட்டுவிட முடியுமா?

மார்ச் 6, வெள்ளி

அனுப்பினேன். தேதி, நேரம், பாத்தியின் எந்தப் பகுதி, எல்லாம் சீட்டில் எழுதி ஒட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து, அவர் வாசல் படியில்.

கைக்குக் கிடைத்தது ஓர் இனிப்புக் கடைப் பெட்டி. டாக்டரின் மனைவி ஆசையாகத் திறந்துவிட்டார். இந்த ஓர் இடத்தில் என் பக்கம் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்காரி மிகவும் கோபமாக இருக்கிறாள். "அந்தப் பெட்டிய ஏங்க எடுத்தீங்க? நூல்கண்டு போட்டு வைக்கலாம்னு இருந்தேன்."

மார்ச் 7, சனி

பதில் வந்தது. மருந்துச் சீட்டில், டாக்டரின் கையெழுத்தில். மூன்று கண்ணாடிகள் மாற்றிப் பார்த்தும் ஒரு சொல் பிடிபடவில்லை. இந்த ஊரில் அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். தெருமுனை மருந்துக் கடைக்காரர்.

அவர் வாங்கி, கண்ணைச் சுருக்கி, தெளிவாக, உரக்க வாசித்தார்: "பூனை பூனையாக இருக்கிறது. நோயாளிதான் மனிதனாக இல்லை. பொறுமை, தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்."

கடையில் என் பின்னால் நான்கு பேர்.

"மருந்து எதுவும் எழுதலையே சார்" என்றார். "கீழ ஒரு வரி இருக்கு. 'செவ்வாய்க்கிழமை வர வேண்டாம்.'"

பின்னாலிருந்து ஒரு குரல்: "எந்த டாக்டருங்க? ரொம்பக் கரெக்டா கண்டுபுடிச்சிருக்காரே."

மார்ச் 8, ஞாயிறு

ஆரஞ்சுத் தோல் பரப்பினேன். மேனேஜர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையை முடித்தது. மிளகுத்தூள் தூவினேன். காற்று என் பக்கம் வீசியது. பதினொரு தும்மல், ஒவ்வொன்றுக்கும் பல்லில் இருக்கும் தற்காலிகம் நடுங்கியது. பூனை மதில்மேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது.

முடிவெடுக்கத் தெரியாதவனை மதில்மேல் பூனை என்கிறோம். இதைச் சொன்னவர் எங்கள் மதிலைப் பார்த்ததில்லை. இங்கே மதில்மேல் இருப்பது ஒன்றுக்குத்தான் தெளிவான கொள்கை இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

ஐந்து மணிக்கு அந்த நாற்காலியில் இருக்க வேண்டியவன். ஐந்து மணிக்கு ஜன்னலில் இருந்தேன். வேறு யாரோ ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

நாக்கு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய் அடைப்பைத் தொட்டுப் பார்க்கிறது. கூப்பிட்டால் போகலாம். கூப்பிடுவாரா? நானாகப் போவதா? பூனைக் கழிவை மன்னித்துவிட்டேன் என்றல்லவா அர்த்தமாகும்!

மார்ச் 11, புதன்

போர்க்காலத்திலும் தூதரகம் திறந்துதான் இருக்கிறது. துணி காயப்போடும் கொடிக்கருகே. வீட்டுக்காரியும் டாக்டரின் மனைவியும் பேசி ஒரு சமாதானத் திட்டம் போட்டிருக்கிறார்கள். "நானே மணி கட்டிடறேன்க்கா. வந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும், வெரட்டிரலாம்."

ஆக, எலிகள் காலத்திலிருந்து தீராமல் கிடந்த கேள்வி எங்கள் தெருவில் ஒரே பிற்பகலில் தீர்ந்தது. மணி கட்டியாகிவிட்டது.

மார்ச் 12, வியாழன்

மணி கேட்கிறது. நான் செருப்பைத் தேடிப் போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இதுவரை நடந்த பிறகு பார்த்து வருந்தினேன். இனி நடக்கும்போதே கேட்டும் வருந்தலாம்.

மார்ச் 13, வெள்ளி

நகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். நான்கு பக்கம். குமாஸ்தா முதல் வரியையும் கடைசி வரியையும் வாசித்தார்.

"அசுத்தம் நடந்த எடம் உங்க நெலம்தான்னு என்ன சார் ஆதாரம்? அளவோட ஒரு வரைபடம் வச்சுக் குடுங்க. புகார இப்ப பதிஞ்சுக்கறேன், வரைபடம் பின்னால வரட்டும்."

மற்றவன் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சோர்ந்து வீட்டுக்குப் போயிருப்பான். எனக்குள் முப்பத்தாறு வருடம் எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டது.

மார்ச் 15, ஞாயிறு

பரணிலிருந்து அளவு நாடா, ஊசிக் கம்பிகள், களப் புத்தகம் எல்லாம் இறங்கின. பாத்தியில் இன்றுவரை பதினேழு இடங்கள். ஒவ்வொன்றிலும் தீக்குச்சியில் காகிதக் கொடி நட்டு எண் போட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் ஏதாவது தேர்தலா என்று கேட்டார்.

நாளை எல்லைக் கற்களிலிருந்து அளக்க வேண்டும். நான்கில் மூன்று தெரிகிறது. நான்காவது, டாக்டர் பக்கத்துக் கல், காகிதப்பூப் புதருக்கடியில் எங்கோ.

காலையிலிருந்து பல் லேசாகத் துடிக்கிறது. பன்னிரண்டு நாள் ஆயிற்று.

மார்ச் 16, திங்கள்

கல் கிடைத்தது.

மூன்று தடவை அளந்தேன். நாடாவை மாற்றி நான்காவது தடவை.

மதில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. டாக்டர் நிலத்துக்குள் அறுபத்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. மதிலை ஒட்டிய என் பாத்தியின் அகலம் அறுபது. அதாவது பாத்தி முழுக்க அவருடையது. புள்ளிகள் பதினேழில் பதினேழும் அவருடையவை. அந்தப் பூனை ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, என் நிலத்தில் எதுவும் செய்யவில்லை. இந்தத் தெருவில் எல்லை எது என்று சரியாக அறிந்து நடந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

மதிலைக் கட்டியது யார்? நான். பதினான்கு வருடம் முன்பு, பக்கத்து மனை காலியாகக் கிடந்தபோது. நூல் பிடிக்கட்டுமா என்று கேட்ட கொத்தனாரிடம், "வேண்டாம்ப்பா, கண்ணளவு போதும். நான் சர்வேயர்" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் சிரித்ததும்.

இரவுச் சாப்பாட்டில் ரொட்டியின் ஓரத்தைக் கடித்தேன். அடைப்பு ரொட்டியோடு வந்துவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

வலி.

மார்ச் 18, புதன்

மூன்று தெரு தள்ளி ஓர் இளம் பல் மருத்துவர். பார்த்தார். "யாரு சார் ஆரம்பிச்சது?" சொன்னேன். எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ, எனக்கு வேலை கத்துக் குடுத்தவரே அவர்தான். அவர் பாதி பண்ணினதுல நான் கைவச்சா நல்லாருக்குமா? எக்ஸ்ரேகூட அவர்கிட்டதான் இருக்கு. அவர்கிட்டயே போயிருங்க சார். ரொம்பத் தங்கமான மனுசன்." அப்புறம், "ஒரு பூனைகூட வச்சிருப்பாரே!"

மார்ச் 19, வியாழன்

கன்னம் வீங்கிவிட்டது. வரைபடம் மேசைமேல் கிடக்கிறது. எல்லைக் கோடு மட்டும் போடவில்லை.

பென்சிலில் ஒரே ஒரு கோடு. அறுபத்து நான்கு சென்டிமீட்டர் அந்தப் பக்கம் போட்டால் மதிலும் கோடும் ஒன்றாகிவிடும். கல்லை மறுபடி மண்ணால் மூடிவிட்டேன், பூனையிடம் கற்றுக்கொண்டது. குமாஸ்தா வந்து அளக்கப் போகிறாரா? மாட்டார். டாக்டருக்குத் தெரியுமா? தெரியாது.

கோட்டைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் தம்பியை வெட்டப் போன நிலங்களில், பெட்டி நிறையப் பணத்தோடு வந்தவர்களிடம், இல்லை என்று சொல்லிப் போட்ட கோடுகள் எத்தனை? எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு பூனையை ஜெயிப்பதற்கா?

வீட்டுக்காரி காபி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு காகிதப்பூக்குக் கீழல்ல இருந்துச்சு? கோடு எங்கயோ போகுது?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"மதில் கட்டறப்பவே பாத்தேன். சொன்னேன். 'நான் சர்வேயர்'னீங்க." டம்ளரை நகர்த்தினாள். "காபி ஆறிப்போகுது. வலது பக்கமா குடிங்க."

அழித்தேன். சரியான இடத்தில் சிவப்பு மையில் போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

போனேன். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே பார்த்தார்.

"வாங்க சார். பெட்டி ஏதும் கொண்டாந்திருக்கீங்களா?"

"காகிதம்தான்."

"தெறந்தா நாறாதே?"

"நாறும். ஆனா இந்தத் தடவ நாத்தம் என்னோடது."

அவர் காகிதத்தை ஓரமாக வைத்தார். முதலில் வாயைப் பார்த்தார். "அடப் பாவமே! இத வச்சுக்கிட்டா நாலு நாளா இருக்கீங்க? சீட்டுல கோவத்துல ஏதோ எழுதினேன், அதுக்காக வராமலே இருந்துடறதா?" ஊசி போட்டார், பஞ்சை அடைத்தார், மரத்துப்போகட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் வரைபடத்தை எடுத்து எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பலகையில் மாட்டினார்.

"இந்தப் பதினேழு புள்ளி... நம்ம பூனையா?"

"ஆ."

"செவப்புக் கோடு எல்லையா?"

"ஆ."

"அப்ப இந்த மதில்?"

பலகைக்கு அருகே போனார். விலகி வந்தார். மறுபடி அருகே போனார்.

"நாங்க குடி வந்ததுலேர்ந்து எத்தன கட்டு கொத்தமல்லி குடுத்திருப்பீங்க. எங்க வீட்டுல ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் வேற சொல்லியிருக்கா."

"ஆ."

"எங்க நெலத்துல வெளஞ்சத எங்களுக்கே குடுத்துட்டு."

"ஆ."

"அகலமா தெறங்க."

எத்தனையோ நீதிமன்றக் கூண்டுகளில் ஏறிச் சாட்சி சொன்னவன் நான். கையில் துளைக்கருவியோடு நிற்கும் வக்கீலை இதுவரை பார்த்ததில்லை. ஓர் உயிரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணையைச் சமாளித்ததும் இதுவே முதல் தடவை.

முக்கால் மணி நேரம். ஒரு துளி வலிக்கவில்லை. நடுவில் அவர் தோள் இரண்டு தடவை குலுங்கியது. கருவியை வெளியே எடுத்துவிட்டுச் சிரித்தார், முடித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார். நல்ல மருத்துவர்.

"ஒரேயடியா மூடியாச்சு சார். இனிமே கடிக்கலாம். யார வேணா."

மார்ச் 24, செவ்வாய்

மதிலை இடித்துத் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு? தூசி பூரா கிளினிக்குக்குள்ள வரும். மதில் இருக்கட்டும், பாத்தி இருக்கட்டும். பூனையும் வந்துட்டுப் போகட்டும், அது அதோட சொந்த நெலத்துக்கு வருது. நீங்க அங்க பயிர் வச்சுக்கறதுல அதுக்கு ஆட்சேபணை இருக்கற மாதிரி தெரியல."

வாரம் இரண்டு கட்டு, நன்றி சொல்லப்பட மாட்டாது என்று ஒப்பந்தம். மருந்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அதில் என்ன இருக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொன்னபடிதான் இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

வரைபடத்தை டாக்டர் சட்டம் போட்டுக் கிளினிக்கில் மாட்டியிருக்கிறார். காத்திருந்த ஒரு நோயாளி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கவலையோடு கேட்டார்: "ஒரே ஆளுக்குப் பதினேழு சொத்தையா?"

ஜூலை 9, வியாழன்

நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். கோப்போடு. நான் புகாரை மறந்தே போயிருந்தேன். டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார். வீட்டுச் சாவியும் பூனையும் நான்கு நாளாக என் பொறுப்பு.

"எந்த எடத்துல சார் அசுத்தம்?"

பாத்தியைக் காட்டினேன்.

"இது யார் நெலம்?"

"டாக்டரோடது."

"மதிலுக்கு இந்தப் பக்கம்ல இருக்கு?"

"மதில்தான் தப்பான எடத்துல இருக்கு. பூனை சரியான எடத்துலதான் இருந்துச்சு."

"பூனை யாரோடது?"

"அதுவும் டாக்டரோடது."

அவர் பேனாவை மூடினார். "அவர் நெலத்துல அவர் பூனை. இதுல உங்களுக்கு என்ன சார் பிரச்சினை?"

யோசித்தேன். "அப்ப எனக்குப் பல்வலி" என்றேன்.

"இப்ப?"

"இப்ப இல்ல."

அவர் பேனாவைத் திறந்து கோப்பில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் அந்தக் கையெழுத்து எனக்குப் புரிந்தது: "புகார்தாரருக்கு ஏற்பட்டிருந்த பல்வலி குணமாகிவிட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை."

பாத்தியில் மணிச் சத்தம் கேட்டது. இருவரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தோம்.